எங்கள் த்ரீ பாயிண்ட் கோடு மடங்கித்தான் இருக்கும்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அருணகிரி அவர்களுக்கு,

புகழேந்தி கை கூப்பி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், என் மனைவி பாக்யலட்சுமி, மகன் செல்வகுமார், தங்களுக்கு மகளும் எங்களுக்கு மருமகளுமான ஜோதி ஆகிய நால்வரும் உடம்பு வரைக்கும் சௌக்கியம். மனசு சௌக்கியமா என்பது கீழே போகப் போகத் தெரியும். திருவண்ணாமலையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று, தங்கள் மேல் கோபமாக இருக்கும் இந்த நேரத்திலும் வேண்டிக்கொள்கிறேன். அதில் நான் குறை வைக்கிற ஆள் இல்லை. தங்கள் கடிதம் கிடைத்தது. இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்கள் என்பதால் தாளிலேயே எழுதுகிறேன்.

கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாங்கள் எதையும் பாதியில் மூடி வைக்கும் பழக்கம் உள்ளவர். கோட்டை அழிக்க மாட்டேன். எங்கள் தெருப் பெண்கள் ஆடும் பாஸ்கெட்பால் தரையில், தாண்டி நின்று போட்டால் மூன்று பாயிண்ட் என்று நான் போட்ட த்ரீ பாயிண்ட் கோடு ஓர் இடத்தில் உள்ளே மடங்கி இருக்கிறது, அது விதிக்கு விரோதம், அதை அழித்து ஒழுங்காகப் போடாவிட்டால் அடுத்த ஞாயிறு லீக் ஆட்டம் எங்கள் தரையில் நடக்காது, வேலூருக்குப் போய்த்தான் ஆட வேண்டும் என்று எனக்கும் எழுதி, லீக்கின் ஆலோசகர் என்ற முறையில் கமிட்டிக்கும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம். அந்தப் பெண்கள் எல்லோரும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவர்கள் என்பது தங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து கிடந்துவிட்டு சாயந்தரம்தான் நிமிர்ந்து பந்தை மேலே எறிகிறார்கள். அவர்கள் லீக்கில் ஆடுவதை அவர்களைப் பெற்றவர்கள் யாரும் இன்னும் பார்த்ததில்லை, ஏனென்றால் லீக் ஆட்டம் எல்லாம் இதுவரை வெளியூரில். அடுத்த ஞாயிறு முதல் முறையாக வீட்டு வாசலில் லீக் ஆட்டம் வருகிறது. நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் தாங்கள் ஒரு கோட்டுக்காக ஆட்டத்தையே ஊரை விட்டு அனுப்பப் பார்க்கிறீர்கள். அனுப்பிப் பாருங்கள்.

அந்தக் கோடு ஏன் மடங்கியது என்று தாங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா என்றால் இல்லை. ஆகவே நானே சொல்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய தோல் பதனிடும் டேனரியை மூடி வருஷக்கணக்காகிறது. முதலாளியின் பேரன் முஸம்மில் நல்ல மனுஷன், தோல் காயப்போட்ட சிமெண்ட் களம் சும்மாதானே கிடக்கிறது, பெண்கள் ஆடிக்கொள்ளட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் கம்பம் நட்டு வளையம் மாட்டியாயிற்று. தரையில் கோடு போட வேண்டும். அப்போது அந்தப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் ஜோதி என்னிடம் வந்து, "மாமா, எங்க அப்பா அளவெல்லாம் போட்டு படம் அனுப்பிச்சிருக்காரு. கம்பெனியில நீங்க கோடு போட்டா மெஷின் போட்ட மாதிரி இருக்கும்னு சொல்றாங்க. நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன்" என்று கேட்டாள். மருமகள் வாய் விட்டுக் கேட்ட முதல் உதவி. மறுக்க முடியுமா? ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் என்னோடு வேலை பார்த்து என்னோடு ரிட்டயர் ஆன வக்கார் அகமதுவைக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கள் படத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அது சட்டைப் பையிலேயே இருந்தது. அதைத் தாங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தோலை மேசையில் விரித்ததும் கட்டர் கத்தியைத் தொட மாட்டான். முதலில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். உண்ணி கடித்த இடம், முள் கீறின இடம், சூடு போட்ட தழும்பு, எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்வான். அப்புறம்தான் அந்த வட்டங்களில் படாமல் பேட்டர்னை, அதாவது ஷூத் துண்டுகளின் அச்சு அட்டையை, அடுக்குவான். கெட்ட இடத்தின் மேல் ஒரு கோடு போனாலும் அந்த ஷூ கப்பல் ஏறிப் போய், அதே கப்பலில் திரும்பி வரும். இதைத்தான் நாங்கள் வாழ்நாள் பூராவும் செய்தோம், பிறத்தியாருக்கும் சொல்லிக் கொடுத்தோம். ஆகவே களத்தில் கால் வைத்ததும் வக்கார் பாய் செய்த முதல் காரியம் உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்ததுதான். "புகழு, முதல்ல தோலைப் பாரு. பேட்டர்ன் எங்க ஓடிடப் போவுது" என்றார். பார்த்தோம். வெடிப்பு விட்ட இடம், பொரிந்த இடம், கம்பி துருப்பிடித்து மேலே வந்த இடம் என்று சாக்பீஸால் வட்டம் போட்டு முடிக்கும்போது களம் அம்மை போட்ட முதுகு மாதிரி இருந்தது. சின்னச் சின்ன வட்டங்களை எல்லாம் சிமெண்ட் பூசிச் சரி செய்துவிட்டோம். இடது பக்கத்தில் ஒன்று மட்டும் சரியாகவில்லை. அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தொட்டி இருந்து அதை மூடி மேலே சிமெண்ட் போட்ட ஒட்டு அது. ஒரு கதவு அகலம் இருக்கும். தங்கள் படத்தின்படி த்ரீ பாயிண்ட் கோடு நேராக அதன் நடு மண்டையில் போகிறது.

கம்பத்தை நகர்த்த முடியாது, ஒட்டையும் நகர்த்த முடியாது. நான் கொஞ்சம் யோசித்தேன். வக்கார் பாய் யோசிக்கவில்லை. "டேமேஜ் மேல கோடு போட்டுட்டு என் முகத்தைப் பார்ப்பியா நீ? சுத்திப் போ" என்றார். சுற்றித்தான் போனேன். வெளிப்பக்கமாகச் சுற்றியிருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கட்டரும் கெட்ட இடத்துக்கு வெளியே சுற்ற மாட்டான், சரக்கு வீணாகும். உள்ளேதான் வருவான். ஆகவே கோடு வளையத்தைப் பார்த்து ஒரு முழம் போல உள்ளே வந்து, ஒட்டைத் தாண்டியதும் மறுபடியும் வெளியே போய்த் தன் வழியில் சேர்ந்துகொண்டது. பார்க்க ஷூவின் அடிப்பாகத்தில் நடுவே ஒடுங்குமே, அந்த இடுப்பு மாதிரி இருந்தது. அழகாகவே இருந்தது, அதை நான் இப்போதும் சொல்வேன். அடுத்தது எதிர்ப் பக்கம். அங்கே ஒட்டு எதுவும் இல்லை, தரை பழுது இல்லாமல் வழவழவென்று இருந்தது. அங்கேயும் அதே மாதிரி மடக்கினோம். திறப்பு விழா அன்று தாங்கள் அந்த இடத்தில் நின்றுகொண்டு, "அங்க ஒட்டு இருக்குது, மடக்குனீங்க. இங்க எதுக்குங்க மடக்குனீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். இப்போது கேட்கிறேன், செருப்பை ஒற்றைக் காலுக்கா தைப்பார்கள்? இடது கால் எப்படியோ வலது காலும் அப்படி. ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று இன்னொரு மாதிரியும் இருந்தால் அதை இந்த ஊரில் ஜோடி என்று எவனும் வாங்க மாட்டான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தரைக்குத் தோலின் பழுப்பான டேன் கலர் அடித்தது வக்கார் பாய் யோசனை. ஷூ வாங்க எந்த நாட்டு பையர் வந்தாலும், எந்த சீசனாக இருந்தாலும், டேன் கலர் மட்டும் தேங்கியதே இல்லை என்பது அவர் அனுபவம். அடித்து முடித்த பிறகுதான் பந்தும் அதே கலர் என்று தெரிந்தது. முதல் நாள் பந்து தரையில் உருண்டபோது அது எங்கே போனது என்று ஐந்து பெண்களும் தேடியது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்கள் சொல்வது போல் அது உலகத்தில் எங்கும் இல்லாத கூத்து இல்லை. செல்வகுமார் எனக்கு டிவியில் அமெரிக்காக்காரன் ஆடும் ஆட்டங்களை எல்லாம் போட்டுக் காட்டினான். அவர்கள் தரை மரப்பலகை. பந்தும் பலகையும் கிட்டத்தட்ட ஒரே கலர்தான், அங்கே எவனும் பந்தைத் தொலைக்கவில்லை. பழகிவிட்டால் கண் தேடிக்கொள்ளும். எங்கள் பெண்களுக்கும் பழகிவிட்டது.

நடு வட்டத்தில் நாங்கள் போட்ட ஒரு ஜோடி ஷூ அடியைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். யாரோ ஈரக் காலோடு நடந்து போன மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு டீமும் தன் தரைக்கு நடுவில் தன் அடையாளத்தை வண்டி அளவுக்கு வரைந்து வைக்கிறான். ஒருவன் காளை மாட்டுத் தலையைப் போடுகிறான், ஒருவன் குதிரையைப் போடுகிறான். ஒரு ஊரில் பலகையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரம் சதுரமாகப் பின்னி வைத்து அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு போட்டிக்கென்று தரை முழுக்க நீலமும் சிவப்பும் பூசி ஆடியதையும் கண்ணால் பார்த்தேன். அவன் ஊருக்கு மாடு என்றால் எங்கள் ஊருக்கு ஷூ அடி. இதில் எங்களுக்கு ஒரு சின்ன இடைஞ்சல் வந்தது நிஜம். பூக்கட்டும் ராஜம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாக வந்து, தரையில் இரண்டு பாதத்தைப் பார்த்துவிட்டு அம்மன் பாதம் என்று முடிவு செய்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து நாலு பூவும் போட்டுவிட்டுப் போய்விட்டார். சாயந்தரம் ஆட்டம் ஆரம்பிக்கப் பந்தைத் தூக்கிப் போட்டதும் குதித்து இறங்கிய எங்கள் டீம் பெண் ஜாஸ்மின் காலெல்லாம் குங்குமம். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், இருந்தாலும் சிரித்துக்கொண்டே கழுவிவிட்டு வந்து ஆடினாள். அன்றிலிருந்து ராஜம்மாளிடம் எவ்வளவு சொல்லியும், "ஷூ கம்பெனிக்காரங்க போட்டா மட்டும் பாதம் பாதம் இல்லாம போய்டுமா" என்று வாரா வாரம் பூ வைக்கிறார். அதையும் அழிக்கப் போவதில்லை.

திறப்பு விழாவுக்கு வருகிறேன். தங்களைத் தலைமை விருந்தினராக அழைத்தது நான். சம்பந்தி என்பதற்காக இல்லை, இத்தனை வருஷம் விளையாட்டுக்கு உழைத்தவர் என்பதற்காக. சால்வை வாங்கி வைத்திருந்தேன். தாங்கள் வந்தீர்கள், ரிப்பனை வெட்டினீர்கள், பேசுவதற்கு மைக் முன்னால் போனீர்கள், போகிற வழியில் கோட்டைப் பார்த்து நின்றீர்கள். அப்புறம் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு அளவு டேப்பை எடுத்தீர்கள். விழாவுக்கு வருகிறவர் எவராவது டேப்போடு வருவார்களா? ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்தீர்கள், நானும் என்னவோ மரியாதை என்று நினைத்துப் பிடித்தேன். அளந்துவிட்டு மைக்கில் தாங்கள் சொன்னது ஆம்பூர் முழுக்கக் கேட்டது. "மன்னிக்கணுங்க, இது பாஸ்கெட்பால் கோர்ட் இல்ல. நொண்டி அடிச்சு பாண்டி ஆடுறதுக்குப் போட்ட கட்டம்." கூட்டம் சிரித்தது. பாக்யலட்சுமியும் சிரித்தாள், அதை நான் மறக்கவில்லை. சால்வையைக் கடைசியில் போர்த்தினேன், ஆனால் மனசு இல்லாமல்தான் போர்த்தினேன் என்பதை இப்போது தெரிவித்துக்கொள்கிறேன்.

விதி விதி என்று தாங்கள் சொல்கிறீர்கள், சரி, விதியைப் பற்றியே பேசுவோம். நானும் இப்போது கொஞ்சம் தெரிந்துகொண்டுவிட்டேன். அமெரிக்காவில் த்ரீ பாயிண்ட் கோடு ஒரு தூரத்தில் இருக்கிறது, மற்ற நாடுகளில் அதைவிடக் கம்மி தூரத்தில் இருக்கிறது. ஒரே ஆட்டம், ஒரே பந்து, இரண்டு கோடு. அவன் ஒரு கோடு வைத்துக்கொள்ளலாம், உலகம் ஒரு கோடு வைத்துக்கொள்ளலாம், ஆம்பூர் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாதா? இன்னொன்று. அமெரிக்காக்காரன் கோடு முழு வளைவாகவா போகிறது? இல்லை. இரண்டு ஓரத்துக்கும் வந்ததும் வளைவை விட்டுவிட்டு நேராகப் போகிறது. ஏன்? வளைத்துக்கொண்டே போனால் தரை போதவில்லை, கோடு வெளியே போய்விடும். அதனால் மடக்கினான். மூலையில் நின்று போட்டால் தூரம் கம்மி, அதற்கும் அதே மூன்று பாயிண்ட். அவன் தரை போதாமல் கோட்டை உள்ளே இழுத்தால் அது விதி, நான் தரை கெட்டிருந்ததால் கோட்டை உள்ளே இழுத்தால் அது பாண்டிக் கட்டமா? எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் சரக்கைப் பார்த்து அடுக்குவது. அங்கேயும் எவனோ ஒரு கட்டர் இருந்திருக்கிறான் என்று வக்கார் பாய் டிவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

அதுவும் போகட்டும். தாங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் வளையத்துக்கு முன்னால் இருக்கும் அந்தக் கட்டம் எப்படி இருந்தது? மேலே குறுகி கீழே அகன்று, பாவாடை விரித்த மாதிரி இருந்தது. எத்தனை தரையில் தாங்களே அப்படி வரைந்திருப்பீர்கள். ஒரு நாள் எங்கோ வெளிநாட்டில் நாலு பேர் உட்கார்ந்து இனிமேல் அது செவ்வகம் என்றார்கள். த்ரீ பாயிண்ட் கோட்டையும் தள்ளி வைத்தார்கள். தாங்கள் எல்லோரும் மறு பேச்சு இல்லாமல் அழித்துவிட்டுச் செவ்வகம் போட்டீர்கள். அப்படி என்றால் அதுவரைக்கும் ஆடியது எல்லாம் பாண்டியா? பெரிய பெரிய கமிட்டி சொன்னால் கோடு நகரும், புகழேந்தி சொன்னால் நகராது என்பதுதானே தங்கள் கட்சி. இதை நேரில் கேட்டால் தாங்கள் கோபப்பட்டு எழுந்து போய்விடுவீர்கள். கடிதத்திலிருந்து எழுந்து போக முடியாது.

எங்கள் கோட்டில் ஆடிப் பார்த்தவர்களையே கேளுங்கள். போன மாதம் குடியாத்தம் டீம் சிநேகிதமாக ஒரு ஆட்டம் ஆட வந்தது. அவர்கள் கோச் நவீன்குமார் உள்ளே வந்ததும் தரையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கோடு வயித்து வலி வந்த மாதிரி மடங்கிக்கினு கிடக்குது" என்றார். நான் அமைதியாக, "எங்க ஊரு கோடு அப்படித்தான் சார்" என்றேன். ஆட்டம் ஆரம்பித்தது. எங்கள் ஜாஸ்மின் இருக்கிறாளே, நாளெல்லாம் ஷூவின் மேல்பாகத்தை ஒட்டித் தைக்கிற பெண், அவள் நேராக அந்த மடிப்புக்குப் போய் நின்றாள். எங்கள் பெண்கள் அந்த இடத்துக்கு இடுப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இடுப்புக்குப் போடு, இடுப்புக்குப் போடு என்று கத்துகிறார்கள், பந்து அவள் கைக்கு வருகிறது, எறிகிறாள், உள்ளே போகிறது. நவீன்குமார் ஓடி வந்து, "சார், அது ரெண்டு பாயிண்ட் தூரம், மூணு குடுத்தா ஜாஸ்தி" என்று ரெஃபரி பரணிதரனிடம் சண்டை போட்டார். பரணிதரன் சின்ன வயசு ஆள், ஆனால் நியாயஸ்தன். "கோட்டுக்கு வெளிய நின்னு போட்டா மூணு சார். கோடு ஏன் இங்க இருக்குதுன்னு கேக்கறது என் வேலை இல்ல" என்றார். நாங்கள் ஜெயித்தோம். அந்த இடுப்பு எங்கள் பெண்களுக்கு நான் கொடுத்த சீர் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். தங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஜோதி என்னிடம் கோர்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா பக்கம் பேசினால் மாமாவுக்கு வருத்தம், மாமா பக்கம் பேசினால் அப்பாவுக்கு வருத்தம் என்று அந்தப் பெண் சாப்பாடு போடும்போது குழம்பா ரசமா என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. செல்வகுமார் நைசாக, "கொஞ்சம் நேராக்கிட்டா இன்னாப்பா கெட்டுப் போச்சு" என்றான். ஒரு பார்வை பார்த்தேன், போய்விட்டான். பாக்யலட்சுமி மட்டும், "உங்களுக்கும் அவருக்கும் நடுவுல கிடந்து பேஜாராகறது அந்தப் பொண்ணுங்க" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். பெண்களுக்கு என்ன பேஜார்? தரை அவர்களுக்காகப் போட்டது, அவர்கள் ஒருத்தியாவது கோடு சரியில்லை என்று என்னிடம் சொன்னாளா? ஒருத்தியும் சொல்லவில்லை. தாங்கள்தான் சொல்கிறீர்கள். இன்று காலை இந்த வருஷ லீக்கின் முதல் ஆட்டத்துக்கு வேனில் வேலூர் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை, இந்தக் கடிதத்தை எழுத வேண்டி இருந்தது. இன்றைக்கு ஜெயித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அடுத்த ஞாயிறு இங்கே ஆடி ஜெயித்தால் ஃபைனல். ஜாஸ்மின் இருக்கும்போது எனக்குக் கவலையே இல்லை. எங்கள் தரையில் பழகிய கை எந்தத் தரையிலும் போடும்.

ஆகவே தாங்கள் கமிட்டிக்கு எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்ளுமாறு கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். வாங்காவிட்டால் அடுத்த ஞாயிறு நானும் வக்கார் பாயும் அந்த மடிப்பின் மேல் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வோம், கமிட்டி எங்களை அழித்துவிட்டுக் கோட்டை அழிக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பாக்யலட்சுமி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் தயாராக இருக்கிறது, கோபம் அது பாட்டுக்கு, ஊறுகாய் அது பாட்டுக்கு. தங்கள் முழங்கால் வலி குறைந்து, நூறு வயசு வரை குனிந்து நிமிர்ந்து எல்லாத் தரையையும் அளக்கும் பாக்கியம் கிடைக்கட்டும், எங்கள் தரை ஒன்றைத் தவிர.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத,
புகழேந்தி.

பின்குறிப்பு: சாயந்தரம் எழுதுகிறேன். உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போன நேரத்தில் வேன் வந்துவிட்டது. தோற்றுவிட்டார்கள், மூன்றே பாயிண்டில். இனி அடுத்த ஞாயிறு இங்கே ஜெயித்தே ஆக வேண்டும். ஜாஸ்மின் இடது பக்கத்திலிருந்து நாலு தடவை போட்டிருக்கிறாள், நாலும் உள்ளே போயிருக்கிறது. நாலு தடவையும் ரெஃபரி இரண்டு விரலைத்தான் காட்டியிருக்கிறார். அவள் கால் போய் நின்ற இடம் அந்தத் தரையில் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. நான் ஜோதியிடம், "ஏம்மா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்றேன். "சொன்னேன் மாமா. செருப்பை ஒத்தக் காலுக்கா தைப்பாங்கன்னு கேட்டீங்க" என்றாள். அப்புறம், "முதல் வாரமே சாக்பீஸ்ல சரியான கோட்டைப் போட்டேன் மாமா. நீங்க தெரு முனையில வர்றதைப் பாத்துட்டு ஜாஸ்மின் ஓடிப் போய்க் காலாலயே அழிச்சிட்டா. அங்கிள் மனசு கஷ்டப்படும்னு சொல்லி அதுக்கப்புறம் என்னைப் போடவே விடல" என்றாள்.

களத்துக்குப் போனேன். ஜாஸ்மின் கம்பத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் அழிச்சிடறேன்மா என்றேன். "வேணாம் அங்கிள். வெளியூர் போனா நான் ஒரு அடி தள்ளி நின்னுக்கறேன். இது நீங்க போட்ட கோடு" என்றாள். சம்பந்தி, மேலே பக்கம் பக்கமாக என் மானத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்த மானத்தை ஒரு தையல் பிரிவுப் பெண் தன் பாயிண்டைக் கொடுத்து இத்தனை நாளாகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. ரொம்ப வெட்கமாக இருக்கிறது. வக்கார் பாய் போய்ப் பெயிண்டை அழிக்கத் தின்னர் வாங்கி வந்தார். இரண்டு பக்கமும் அழித்துவிட்டோம். நல்ல தரையில் மடக்கினோமே, அதை முதலில் அழித்தோம்.

நேராக நானே போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒட்டுக்குக் கிட்டே வந்ததும் கை தானாகச் சுற்றிக்கொண்டு போகிறது. வக்கார் பாய் பிடித்தால் இன்னும் மோசம். இந்தக் கையை இனிமேல் மாற்ற முடியாது. ஆகவே மேலே உள்ளதில் வணக்கத்தையும் நலம் விசாரித்ததையும் ஊறுகாயையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், கிழிக்க மனசு வரவில்லை. செல்வகுமார் நாளை முதல் பஸ்ஸில் வந்து இதைக் கையில் கொடுப்பான், அவன் கூடவே கிளம்பிவிடுங்கள். தாங்கள் போடும் கோடு அந்த ஒட்டின் மேலேயே போகட்டும், நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். இப்போது எங்கள் தரையில் அந்தக் கோடே இல்லை. ஜாஸ்மின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறாள். சீக்கிரம் வாருங்கள்.